ஒளியும் ஒரு மருந்தே, அளவறிந்து கொள்வோம்



நம் ராபர்ட்சன்பேட்டையில் குழந்தை பிறந்த வீடுகளிலிருந்து என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைக்கு மஞ்சள் காமாலையாம்; நீல லைட்டுக்குக் கீழே இரண்டு நாள் படுக்க வைக்க வேண்டுமாம். அது தேவைதானா? காலை வெயிலில் காட்டினால் போதாதா?" என்பதே அது. நான் மருத்துவன் அல்லன். பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்தக் கேள்வியின் வேர் வேதியியலில்தான் இருக்கிறது. ஒளி பட்டால் உருமாறும் மூலக்கூறுகள் சில உண்டு. அவற்றின் வழியாக உடலின் வேலைகளைத் தூண்டவும் முடியும், தடுக்கவும் முடியும். அந்த வித்தையை விளக்குவதே இந்தப் பாடம். மாணவர்களுக்காக எழுதினாலும் பெரியவர்களும் படித்து, வீட்டில் பேசிக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

ஒளி எப்படி வேலை செய்கிறது?

ஒரு மூலக்கூறில் எந்த அணுக்கள், எத்தனை இருக்கின்றன என்பது மட்டும் முக்கியமன்று; அவை எந்த வடிவில் அமைந்துள்ளன என்பதும் முக்கியம். ஒரு சாவியை வளைத்துவிட்டால் அது பூட்டைத் திறக்குமா? இரும்பு அதே இரும்புதான். எடையும் அதே எடைதான். ஆனால் வடிவம் மாறிவிட்டதால் வேலைக்கு உதவாது. நம் உடலுக்குள் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவை இப்படிப் பூட்டும் சாவியும் பொருந்துகின்ற வேலைகளே.

கார்பன் அணுக்களுக்கு இடையே ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு என்று இருப்பதைப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் படித்திருப்பீர்கள். ஒற்றைப் பிணைப்பில் இருபுறத்து அணுக்களும் எளிதாகச் சுழலும். இரட்டைப் பிணைப்போ அவற்றைத் திரும்ப விடாமல் இறுக்கிப் பிடித்திருக்கும். சில மூலக்கூறுகள் தமக்கு ஏற்ற ஒளியை உட்கொள்ளும்போது அந்தப் பிடி ஒரு கணம் தளர்கிறது. அந்த ஒரு கணத்தில் மூலக்கூறின் ஒரு பாதி மறுபக்கம் திரும்பிவிடுகிறது. பிறகு பிடி பழையபடி இறுகிவிடும். ஆனால் வடிவம் மாறியிருக்கும்.

"தமக்கு ஏற்ற ஒளி" என்று சொன்னேன் அல்லவா? அதைக் கவனியுங்கள். ஒளியின் நிறத்தை அலைநீளத்தால் அளக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 400 நானோமீட்டரில் ஊதாவாகத் தொடங்கி, 700 நானோமீட்டரில் சிவப்பாக முடிகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். 400-க்குக் கீழே இருப்பது புற ஊதா. 700-க்கு மேலே இருப்பது அகச்சிவப்பு. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பிடித்த நிறம் வேறு. ஆகவே நிறம், அளவு, படும் இடம் ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால்தான் ஒளி வேலை செய்யும். இந்த மூன்றையும் இக்கட்டுரை முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுரங்கத்தில் இறங்கியவர் கண்

இதற்கு முதல் எடுத்துக்காட்டு நம் கண்ணே. தங்கவயல் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டன. அதற்கு முன் அங்கே வேலை செய்த தாத்தாக்களிடம் கேட்டுப் பாருங்கள். வெயிலில் நடந்து வந்து, கூண்டில் ஏறிப் பூமிக்கடியில் இறங்கியதும் முதலில் கண் ஒன்றும் பிடிக்காது. தலை விளக்கின் வட்டத்துக்கு வெளியே எல்லாம் கருப்பு. நேரம் போகப் போக, விளக்கு நேராகப் படாத பாறையும் தண்டவாளமும் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் வெயில் கண்ணைக் கூசும்.

காரணம் என்ன? விழித்திரையில் மங்கலான ஒளியைக் காணும் செல்களில் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு வளைந்த வடிவில் ஒரு புரதத்துக்குள் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. ஒளி பட்டவுடன் அது நிமிர்ந்து நேராகிவிடும். இதற்கு ஆகும் நேரம், ஒரு விநாடியை ஐந்து லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு! ரெட்டினால் நிமிர்ந்ததும் புரதம் அசைகிறது. அந்த அசைவே நரம்புச் செய்தியாகி மூளைக்குப் போகிறது. நிமிர்ந்துபோன ரெட்டினாலை மறுபடி வளைத்து அதன் இடத்தில் உட்கார வைக்க உடலுக்கு நேரம் வேண்டும். வெயிலில் கிட்டத்தட்ட எல்லா மூலக்கூறும் நிமிர்ந்துவிடுவதால், இருட்டுக்குக் கண் முழுதும் பழக அரை மணி நேரம் வரை ஆகிறது.

இந்த ரெட்டினால் வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாவது. அந்தச் சத்து குறைந்தால் மாலைக்கண் வருவது இதனால்தான். முருங்கைக்கீரையும் பப்பாளியும் கண்ணுக்கு நல்லது என்று வீட்டில் சொல்வது வெறும் பேச்சன்று. கண்ணின் இந்த வேதியியலைக் கண்டறிந்ததற்காக ஜார்ஜ் வால்ட் 1967-ல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

பச்சிளங்குழந்தையின் மஞ்சள்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. பெரியவர்களின் கல்லீரல் அதைத் தண்ணீரில் கரையும்படி மாற்றிப் பித்தநீரில் அனுப்பிவிடும். பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு இந்த வேலை உடனே கைவருவதில்லை. அதனால் நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கும், குறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் தெரிகிறது. இது தொற்று நோயன்று. தாய் மஞ்சள் சேர்த்த குழம்பு சாப்பிட்டதால் வருவதும் அன்று. பெரும்பாலும் தானே தணிந்துவிடும். ஆனால் சில குழந்தைகளுக்குப் பிலிருபின் அளவு மீறி ஏறிவிடுகிறது. அப்போது அது மூளைக்குள் புகுந்து, செவிட்டுத்தன்மையையும் கைகால் வராத நிலையையும் உண்டாக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மூளையில் ஏற்பட்ட சேதத்தைப் பிறகு சரிசெய்ய இயலாது. அதனால்தான் ஒரு நாள் தாமதம்கூடப் பெரிது.

இதற்கு ஒளியால் சிகிச்சை செய்யலாம் என்பது 1956-ல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் மாவட்டத்தில், ராச்ஃபோர்டு பொது மருத்துவமனையில் தெரிய வந்தது. குறைமாதக் குழந்தைகள் பிரிவை நடத்திய செவிலியர் ஜீன் வார்டு, குழந்தைகளை வெளியே வெயிலில் கொண்டுபோவது வழக்கம். ஒருநாள் ஒரு குழந்தையின் உடலெங்கும் மஞ்சள் வெளுத்திருக்க, துணி மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் மஞ்சளாகவே இருப்பதை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். அதே மருத்துவமனையில், வெயில் படும் இடத்தில் இருந்துவிட்ட இரத்தக் குழாயில் பிலிருபின் குறைந்திருந்ததும் கவனத்துக்கு வந்தது. மருத்துவர் கிரீமரும் அவருடைய தோழர்களும் இதை ஆராய்ந்து, நீல விளக்குத் தொட்டில் ஒன்றை அமைத்து, 1958-ல் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் கூர்ந்த பார்வையிலிருந்து பிறந்த சிகிச்சை இன்று உலகெங்கும் நடக்கிறது.

பிலிருபின் மூலக்கூறு தன் கைகளைத் தானே இறுகக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆளைப் போன்றது. தண்ணீரைப் பற்ற வேண்டிய கைகள் உள்ளே மடங்கியிருப்பதால் அது தண்ணீரில் கரையாது. 460 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி தோலில் படும்போது, அங்குள்ள பிலிருபினின் இரட்டைப் பிணைப்பு ஒன்று திரும்புகிறது. கட்டிய கை அவிழ்கிறது. இப்போது அது தண்ணீரில் கரையும். கல்லீரல் அதை மாற்றிக் கொடுக்காமலே பித்தநீர் வழியாகக் குடலுக்குப் போய்விடும். குடலுக்குப் போனபின் ஒரு பகுதி பழைய வடிவுக்குத் திரும்பி மறுபடி உடலில் சேரப் பார்க்கும். அதற்கு இடம் தராமல் வெளியேற்றுவது குழந்தை கழிக்கும் மலம். ஆகவே சிகிச்சையின்போது தாய்ப்பால் ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை கொடுப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

வெயில் ஏன் போதாது?

எங்கள் தெருவில் ஒரு பாட்டி என்னைக் கேட்டார்: "இன்னா வாத்தியாரே, கரண்ட் லைட்டுல போட்டா புள்ள கருத்துப் போயிடாதா? எம் புள்ளைங்க நாலையும் வெயில்ல காட்டித்தான் வளத்தேன்." நான் சொன்னேன்: "பாட்டி, வெயிலிலும் அதே நீலம் இருக்கிறது. நீங்கள் செய்தது காரணமில்லாமல் இல்லை. ஆனால் எவ்வளவு நீலம் பட்டது என்று வெயிலில் அளக்க முடியாதே!"

இதுதான் விஷயம். வெயிலில் நீலத்தோடு புற ஊதாவும் அகச்சிவப்பும் சேர்ந்தே வருகின்றன. முன்னது தோலைச் சுடும். பின்னது உடலைச் சூடாக்கும். நிழலில் வைத்தால் ஒளி போதாது. வெயிலில் வைத்தால் பிள்ளை வாடிவிடும். மேகம் வந்தால் அளவு மாறும். இரவில் ஒன்றுமே இல்லை. காலையில் பத்து நிமிடம் காட்டிவிட்டுத் துணியில் சுற்றிவிட்டால், மீதி நேரமெல்லாம் பிலிருபின் ஏறிக்கொண்டே இருக்கும். மருத்துவமனையில் தீவிரச் சிகிச்சைக்கான விளக்குக்கு, ஒரு சதுர சென்டிமீட்டரில் நானோமீட்டர் ஒன்றுக்கு 30 மைக்ரோவாட்டாவது இருக்க வேண்டும் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அதை அளக்கக் கருவியும் உண்டு. நைஜீரியாவில் மின்சாரம் சரியாகக் கிடைக்காத இடங்களில் வெயிலையே பயன்படுத்திப் பார்த்து, 2015-ல் நல்ல பலன் கண்டதாக வெளியிட்டார்கள். ஆனால் அங்கும் புற ஊதாவையும் வெப்பத்தையும் வடிகட்டும் படலங்களால் பந்தல் அமைத்து, குழந்தைகளின் உடல் வெப்பத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டுதான் செய்தார்கள். வாசலில் காட்டுவதும் அதுவும் ஒன்றன்று.

நீல விளக்கில் எக்ஸ்-ரே இல்லை. இன்று பரவலாக உள்ள எல்.இ.டி. விளக்குகளில் புற ஊதாவும் கிட்டத்தட்ட இல்லை. அதனால் பிள்ளை கருத்துப் போகாது. கண்ணை மட்டும் துணிப்பட்டையால் மூடுவார்கள். இடுப்புத் துணி தவிர வேறு உடை வேண்டாம். படும் தோல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பலன். மலம் பச்சையாக, இளகிப் போகலாம். தோலில் லேசாகத் தடிப்பு தோன்றி மறையலாம். அஞ்ச வேண்டியதில்லை.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. நம் பெண்களில் பலர் பெங்களூரிலோ கோலாரிலோ பிரசவித்து, இரண்டாம் மூன்றாம் நாளில் தாய் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். மஞ்சள் உச்சத்துக்குப் போவதோ மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில். அதாவது, மருத்துவர் கண்ணில் படாத நாட்களில்! அதிலும் காற்று படக்கூடாது என்று சன்னலைச் சாத்தி, லைன் வீட்டின் உள்ளறையில், மங்கலான பல்பு வெளிச்சத்தில் வைத்திருந்தால் மஞ்சள் தெரியவே தெரியாது. தினமும் ஒரு முறை பகல் வெளிச்சத்தில், குழந்தையின் நெற்றி, மார்பு, கால் என்று விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள். முகத்தில் தொடங்கும் மஞ்சள் கீழே இறங்க இறங்க அளவு கூடுகிறது என்று பொருள்.

முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலும், குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும், கீச்சுக் குரலில் அழுதாலும், உடலை வில்லாக வளைத்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீழாநெல்லிச் சாறு, சர்க்கரைத் தண்ணீர், மந்திரித்த எண்ணெய் எதுவும் பச்சிளங்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. தாய்ப்பால் ஒன்றே போதும்.

நாட்டு மருந்துக் கடையில் ஒரு பாடம்

ஒளிக்கு எதிர்வினை செய்யும் மூலக்கூறு நம் மார்க்கெட்டிலும் விற்கப்படுகிறது. குளியல் பொடிக்குச் சேர்க்கும் கார்போகரிசி தெரியும் அல்லவா? வெண்புள்ளிக்கு அதைப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வது நம் நாட்டின் பழைய வைத்தியம். அதில் உள்ள சோராலென் என்ற பொருள் இருட்டில் சாதுவாக இருக்கும். 320 முதல் 400 வரையிலான புற ஊதா பட்டதும், செல்லுக்குள் உள்ள டி.என்.ஏ.-வின் இரண்டு இழைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும். அந்தத் தூண்டலில் தோலின் நிறச் செல்கள் மறுபடி வேலை தொடங்கலாம் என்பதே சிகிச்சையின் அடிப்படை. 1940-களில் எகிப்து மருத்துவர் எல் மொஃப்டி, இதே இனத்துப் பொருளை வேறொரு செடியிலிருந்து எடுத்து வெண்புள்ளிக்குக் கொடுத்து ஆராய்ந்தார். 1974-ல் அமெரிக்காவில் அதே வழியைச் சொரியாசிஸ் நோய்க்கும் பயன்படுத்திக் காட்டினார்கள்.

பிலிருபினில் நடப்பது கட்டவிழ்ப்பது. இங்கே நடப்பது முடிச்சுப் போடுவது. அளவு மீறினால் தோல் கொப்புளித்துவிடும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் தோல் புற்றுநோய்க்கும் இடமுண்டு. ஆகவே கார்போகரிசி எண்ணெயைத் தாமே பூசிக்கொண்டு வெயிலில் நிற்பது ஆபத்து. இன்று தோல் மருத்துவர்கள் பெரும்பாலும் சோராலென் இல்லாமலே 311 நானோமீட்டர் ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். வெண்புள்ளி ஒட்டுவதில்லை, அது தொழுநோயும் அன்று என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதன் பெயரால் பெண் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போவது இனியாவது நிற்க வேண்டும்.

இனி வரப் போவது

இதுவரை கண்டவை இயற்கை தந்த மூலக்கூறுகள். இப்போது வேதியியலாளர்கள் தாமே இத்தகைய மூலக்கூறுகளைச் செய்கிறார்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் மெத்தில் ஆரஞ்சு பார்த்திருப்பீர்கள். அதன் உறவினமான அசோபென்சீன், புற ஊதா பட்டால் வளையும். நீல ஒளி பட்டாலோ, இருட்டில் சும்மா இருந்தாலோ நிமிரும். 1937-லேயே ஹார்ட்லி என்பவர் கண்டது இது. இந்தத் துண்டை ஒரு மருந்தோடு இணைத்துவிட்டால், விளக்கைப் போட்டு நிறுத்துவது போல் மருந்தையும் போட்டு நிறுத்தலாம். 2013-ல் நெதர்லாந்தில் பென் ஃபெரிங்காவின் குழுவினர் இப்படி ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செய்தார்கள். ஒளி பட்டால் வேலை செய்யும். சில மணி நேரத்தில் தானே அடங்கிவிடும். மருந்து கழிவுநீரில் கலந்து, கிருமிகள் அதற்குப் பழகிப்போவதைத் தடுக்க இது ஒரு வழியாகலாம். மூலக்கூறு இயந்திரங்களுக்காக ஃபெரிங்கா 2016-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

2021-ல் இன்னொரு செய்தி வந்தது. விழித்திரை நோயால் பல்லாண்டுகளாகப் பார்வை இழந்திருந்த 58 வயதுக்காரர் ஒருவரின் கண்ணில், பாசியிலிருந்து எடுத்த ஒளி உணரும் புரதத்துக்கான மரபணுவைச் செலுத்தினார்கள். அந்தப் புரதத்துக்குள் இருந்து வேலை செய்வதும் நாம் மேலே பார்த்த ரெட்டினாலே! சிறப்புக் கண்ணாடி அணிந்தபோது மேசை மேல் இருக்கும் புத்தகத்தையும் கோப்பையையும் அவரால் கண்டுகொள்ள முடிந்தது. முழுப் பார்வை அன்று. ஆனால் இருட்டில் ஒரு சன்னல் திறந்தது போலத்தான்.

தடையும் உண்டு. ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சின் மேல் விரலை அழுத்திப் பாருங்கள். விரல் சிவப்பாகத் தெரியும். நீலமும் பச்சையும் தசையிலும் இரத்தத்திலும் உட்கொள்ளப்பட்டுவிட, சிவப்பு மட்டும் ஊடுருவி வருகிறது. தோலிலும் கண்ணிலும் நீல ஒளியைப் பயன்படுத்துவது எளிது. வயிற்றுக்குள்ளோ மார்புக்குள்ளோ எளிதன்று. ஆகவே சிவப்பு ஒளிக்கே திரும்பும் மூலக்கூறுகளைச் செய்வதில் இன்று பலர் முனைந்திருக்கிறார்கள். இதைப் படிக்கும் நம் பிள்ளைகளில் ஒருவர் அதைச் செய்யக்கூடாதா என்ன?

ஒளி எல்லோர் வாசலிலும் இலவசமாகக் கிடைப்பதால் அதை மருந்து என்று நாம் எண்ணுவதில்லை. மருந்து என்றால் அளவு உண்டு, நேரம் உண்டு, கொடுக்கும் முறை உண்டு. ஒளிக்கும் அப்படியே. பேரப்பிள்ளைக்கு நீல விளக்கு வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் தயங்காமல் சம்மதியுங்கள். தாய் பக்கத்தில் இருந்து பால் கொடுக்க வழி செய்யுங்கள்.

மாணவர்கள் விடை காண்க

1. வெயிலிலிருந்து சுரங்கத்துக்குள் இறங்கியவருக்கு முதலில் ஏன் கண் தெரிவதில்லை?
2. நீல ஒளி பிலிருபினைத் தண்ணீரில் கரையும்படி செய்வது எப்படி?
3. சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் நீலம் இருக்கிறது. இருந்தும் அது விளக்குத் தொட்டிலுக்கு ஈடாகாது. மூன்று காரணங்கள் கூறுக.
4. பிலிருபினும் சோராலெனும் ஒளி பட்டபின் நடந்துகொள்ளும் முறையில் உள்ள வேறுபாடு என்ன?

நான்காம் கேள்விக்கு விடையை வீட்டில் பாட்டிக்கும் அம்மாவுக்கும் வாய்மொழியாகச் சொல்லிக் காட்டுங்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டால் உங்களுக்கு முழு மதிப்பெண்!